ஊதுகிறவர்கள்

ஸெனித்சாவில் பனி கறுப்பாகத்தான் விழும் என்று
வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள்.
பொய். வெள்ளையாகத்தான் விழுகிறது.
விழுந்த பிறகு எங்களைப் போல் ஆகிவிடுகிறது.

குடும்ப மருத்துவ நிலையம், இரண்டாம் மாடி.
வெளியே முப்பத்தொரு பேர்.
ஆளுக்கு ஏழு நிமிடம் என்று
யாரோ எங்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்,
கோட்டைக் கழற்றவே இரண்டு நிமிடம் ஆகும் ஊரில்.

ரெஷாத் முழங்கால் வலிக்காக வந்தார்.
உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு.
ஆறு வருடமாக எங்களுக்குள் ஒரே உரையாடல்:
புகைப்பீர்களா?
ஆமாம்.
விட்டுவிடுங்கள்.
பார்க்கலாம்.
திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் போடுவேன்.
கடமை முடிந்தது. நுரையீரல்தான் பாக்கி.

இன்று முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு
வேறு மாதிரி கேட்டேன். ஏன் என்று தெரியாது,
களைப்பாக இருக்கலாம்.
ஒரு நாளில் எந்த சிகரெட்டை விடுவது ரொம்பக் கஷ்டம்?

யோசித்தார்.
இந்த அறையில் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.
விடியலில், காப்பியோடு பிடிப்பது.
செம்பில் காப்பி பொங்கும் முன் பற்றவைத்தால்
முதல் கோப்பை ஆறும்வரை வரும்.
முனீரா இருந்தபோது இரண்டு கோப்பை.
இப்போதும் இரண்டுதான் வைக்கிறார்.
எதிர்க் கோப்பைக்கு மேல் புகை போகும்போது
அங்கே யாரோ...
முடிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அதை இப்போது தொட வேண்டாம் என்றேன்.
பிடிக்காமலே பிடிக்கும் சிகரெட் எது?

கிரேனிலிருந்து இறங்கியதும் பயல்கள் நீட்டுவது.
மறுத்தால் கோபம் என்று நினைப்பார்கள்.

அதில் ஆரம்பிப்போம்.

இழுப்பறையில் ஒரு மூச்சுமானி இருந்தது,
இரண்டு வருடமாகப் பெட்டி பிரிக்காமல்.
ஊதினார். இருபத்தேழு.
அதிகமா?
ஐந்துக்குள் இருக்க வேண்டும்.
அவர் கருவியை என் பக்கம் நகர்த்தினார்.
இப்போது நீங்கள் ஊதுங்கள்.
நானா?
டாக்டர், புதினா மிட்டாய்
நானும் ஐந்து வருடம் மென்றவன்.

புதுக் குழாய் மாட்டி ஊதினேன்.
பதினான்கு.
செனாதா கதவைத் தட்டினாள், இரண்டாம் முறை.
ஏழு நிமிடம் பத்தொன்பது ஆகியிருந்தது.
நிகோடின் பட்டை எழுதினேன், ஒரு தேதி எழுதினேன்.
கைபேசி எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதினேன்,
யாருக்கும் எழுதித் தந்ததில்லை.
தேதியை மட்டும் இரண்டு இடத்தில் குறித்தேன்.

மூன்றாம் நாள் அழைத்தேன்.
மோசம் என்றார். உங்களுக்கு?
மோசம்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல்
போனில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

பதினோராம் நாள் அழைக்காமலே வந்தார்,
தொப்பி கையில், வாக்குமூலம் கொடுக்க வந்தவர் போல.
உலைக்காரர் ஒருவரின் சவ அடக்கம்.
மூன்று பிடித்துவிட்டாராம்.
கல்லூரியில் கற்ற வாக்கியம் ஒன்று
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
நான்காவதை எப்படி வேண்டாம் என்றீர்கள்?
அவருக்கே அது புதிய செய்தி.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

மே மாதம். ஆற்றங்கரையில் எலுமிச்சை நிறத் துளிர்.
அவருக்கு நான்கு.
எனக்கு ஒன்பது.
திரையை நெடுநேரம் பார்த்தார்.
உங்களுக்கு எது கஷ்டம்?
பின்படிக்கட்டில். கடைசி ஆள் போன பிறகு.
தலையாட்டினார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

இப்போதும் இரண்டு கோப்பைதானா என்று
நானும் கேட்கவில்லை.

முழங்கால் வலி போகவே இல்லை.
எழும்போது மேசையைப் பிடித்து முனகினார்.
கதவுக்கு வெளியே அடுத்தவர்
கோட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்,
பையில் ஒரு சதுரம் துருத்திக்கொண்டிருந்தது.