பதினோராம் கூண்டு

க்ரோனிங்கனில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிடும்.
எங்கள் எலிகளுக்கு அதுதான் விடியல்.

நாளைக்கு ஒரு மணி நேரம் தீனி,
மற்ற நேரமெல்லாம் சக்கரம்.
சோதனை இவ்வளவுதான்.
தின்பது குறையக் குறைய
ஓட்டம் கூடுகிறது.
தட்டு நிறைந்திருக்கும்போதும்
பதினொன்று
முகர்ந்து பார்த்துவிட்டுச் சக்கரம் ஏறுகிறது,
அந்தப் பக்கம் யாரோ காத்திருப்பதுபோல.

எடை ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால்
வெளியே எடுத்துவிட வேண்டும்.
அது விதி. எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
கோட்டை நெருங்கும் இரவுகளில்
எனக்கும் தூக்கம் கிடையாது.

மேல்மாடியில் மனிதர்கள்.
யிட்ஸ்கேவுக்குப் பத்தொன்பது வயது.
வின்சுமிலிருந்து எதிர்காற்றில்
சைக்கிள் மிதித்தே வருவாள்,
பேருந்து நிறுத்தம் வீட்டு வாசலிலேயே இருந்தும்.
படிவத்தில் ஒரு கேள்வி: எப்போது தொடங்கியது?
அவள் எழுதியிருந்தாள்:
'தொடங்கியது தெரியவில்லை.
ஒருநாள் நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.'

எச்சில் குழாயை மூடி ஒட்டும்போது
அவள் அம்மா என்னைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.
நான் எங்கே தவறினேன்?
பழைய கட்டுரைகள் ஒரு இழுப்பறை நிறைய இருக்கின்றன,
எல்லாவற்றிலும் அம்மாக்கள்தான் குற்றவாளிகள்.
மரபணு, குடல், மூளை என்று
இப்போது நாங்கள் வேறு கதவுகளைத் தட்டுகிறோம்.
நீங்கள் இல்லை என்றேன்.
பிறகு, நேர்மை உறுத்த,
நீங்கள் மட்டும் இல்லை என்று திருத்தினேன்.
திருத்தியிருக்கக் கூடாது.

ஜனவரியில் ஷூர்ட்
கூண்டுகளின் அடியில் வெந்தகடு பொருத்தினான்.
மூன்றாம் இரவு
பதினொன்றின் சக்கரம் நின்றது.
செத்துவிட்டதென்று ஓடினேன்.
சூட்டின்மேல் வயிற்றைப் பரப்பி,
மீசையில் தீனித்தூள் ஒட்ட,
உறங்கிக்கொண்டிருந்தது.

ஏன் என்று தெரியாது.
எலிக்கு ஒத்துவந்தது,
மனிதருக்கு நிரூபணமில்லை என்று
அறிக்கையில் எழுதினேன்.
எழுதிய கையோடு போய்
மேல்மாடி அறையின் ஹீட்டரைத் திருகி வைத்தேன்.
அதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

மார்ச்சில் யிட்ஸ்கே ஒரு டப்பாவோடு வந்தாள்.
அக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறதாம்.
பிள்ளை பிறந்தால் எங்கள் நாட்டில்
ரஸ்கில் வெண்ணெய் தடவி
சர்க்கரை பூசிய சோம்பைத் தூவித் தருவோம்.
வாலிருக்கும் அந்த மணிகளுக்கு
குட்டி எலிகள் என்று பெயர்.
'உங்களுக்கும் எலி கொண்டுவந்திருக்கிறேன்'
என்றாள். சிரித்தோம்.
இந்த வேலையில் சிரிப்பு வாரம் ஒருமுறை.

எனக்கொன்று, அவளுக்கொன்று.
கடித்தாள். இளஞ்சிவப்பு மணி ஒன்று
உதட்டில் வெகுநேரம் ஒட்டியிருந்தது.
பாதி உள்ளே போனது.
மீதிப் பாதி
ஸ்வெட்டர் கைக்குள் போனதையும் பார்த்தேன்.

பாதி என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

போகும்போது கேட்டாள்:
அந்தப் பதினொன்று எப்படி இருக்கிறது?
சோதனை முடிந்தால் எலிகள் என்னவாகும் என்று
அவளிடம் யாரும் சொன்னதில்லை.
தூங்குகிறது என்றேன்.
அன்றைக்கு
அது உண்மையாகவும் இருந்தது.

பேருந்தில்தான் போனாளா
என்று ஜன்னலில் நின்று பார்த்தேன்.
கண்ணாடி முழுக்க ஆவி.