மணிக் கணக்கு

அத்திப்பட்டுக் கழிவெளியில்
மண்ணைக் கொட்டி மேடாக்கியபோதும்
இதே பொக்லைன்தான்.
மணிக்கு ஆயிரத்து நூறு, டீசல் தனி.

இப்போது வல்லூர்ப் பக்கம் குளம் தோண்டுகிறேன்.
ரேட் மாறவில்லை.

கணுக்கால் ஆழம் உள்ளானுக்கு,
முழங்கால் ஆழம் நாரைக்கு,
நடுத்திட்டு ஆலாவுக்கு என்று
வரைபடத்தை டிராக்கின் மேல் விரித்து
நிவேதிதா மேடம் சொன்னார்.
யாருடைய கணுக்கால் என்று கேட்டேன்.
சிரிக்காமல்
டேப்பை எடுத்து அளந்து காட்டினார்.

திட்டில் பன்னிரண்டு பிளாஸ்டிக் ஆலாக்கள்.
கூட்டம் இருப்பதைப் பார்த்தால்தான்
கூட்டம் வருமாம்.
காட்டுப்பள்ளி கண்டெய்னர் லாரி
எவ்வளவு ஹாரன் அடித்தாலும்
எழும்பாத சாதுக்கள்.
சித்திரை முழுக்க வந்தது ஒரே காக்கை.
ஒன்றன் தலையில் எச்சமிட்டு
மணலி பக்கம் போய்விட்டது.

நேற்று விடிகாலை
வண்டியைக் கிளப்பப் போனவன்
பாதியில் நின்றேன்.
டிராக் பதிந்து மழைநீர் தேங்கிய தடம்,
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
அதன் விளிம்பில் நாலு முட்டை,
மின்நிலையச் சாம்பலில் உருட்டி எடுத்ததுபோல்.
தலைக்கு மேல் பவளக்காலி
சுற்றிச் சுற்றிக் கத்துகிறது,
நாய்க்குட்டிக் குரலில்.

இருபத்தைந்து நாள் அசைக்கக் கூடாது என்கிறார் மேடம்.
ஓடாத வண்டிக்கு ஏதுடா வாடகை என்கிறார்
போனில் ஓனர் குணாளன்.
இரண்டு பேருக்கும் சரி என்றேன்.

தள்ளி, டீசல் கேன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மீட்டர் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டில் நிற்கிறது.
வெயில் ஏறியதும்
வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து
முட்டைமேல் குந்துகிறது அது.
கழுத்தை வளைத்து
மஞ்சள் வண்டியையே பார்க்கிறது.

அடையாளம் தெரியாமலா இருக்கும்,
அத்திப்பட்டில்
முதல் லோடு விழுந்தபோது
பறந்தவற்றில் இதுவும் ஒன்று என்றால்.