அடையாளம் தெரியவில்லை

கடியபட்டணத்தில் கரண்டு போனால்
மகிழ்கிறவள் நான் ஒருத்திதான்.

மற்ற நாளில்
பிரிஜித் அக்கா வீட்டு எல்இடி பல்புகள்
என் மத்திய அலையில் அரிசி பொரிக்கும்.
கோயில் முகப்பின் சீரியல் லைட்
நிறம் மாறும்போதெல்லாம் விக்கும்.

சவுக்குக் கம்பு இரண்டைக் குறுக்கே கட்டி
பதினெட்டுச் சுற்று செம்புக் கம்பி.
மொட்டைமாடிக்கு அதைச் சுமந்து ஏறினால்
"சிலுவைப்பாதை எந்தத் தெரு வழியா?"
என்பான் எதிர்வீட்டு ஆன்சலம்.
கிணற்றடியில் அடித்த எர்த் கம்பிக்கு
வெயில் காலத்தில் ரெண்டு குடம் ஊற்றுவேன்.
"முளைச்சதா?" என்று கேட்காத ஆளில்லை.

வளையத்தில் ஒரு வினோதம் உண்டு:
திருவனந்தபுரத்துக்கு அதன் முகத்தை நேராகக் காட்டினால்
திருவனந்தபுரம் காணாமல் போகும்.
திருநெல்வேலிக்கும் அதே மரியாதை.
பக்கத்து ஊர்க்காரர்களை நேருக்கு நேர் பார்த்து
வாயடைத்த பிறகுதான்
தூரத்தார் தொண்டையைச் செருமுவார்கள்.

ஓகி அடித்த வருஷம்
ஒருத்தி வந்து படிக்கட்டில் நின்றாள்.
"நீ ராத்திரி முழுக்க கேக்கியாமே,
எங்க வள்ளத்துல உள்ளவிய
ஏதாவது பேசினாவளா?"
இது அந்த ரேடியோ இல்லை என்று சொல்ல முடிந்தது.
பிறகு எதற்கு இது என்று
அவள் கேட்கவில்லை.

போன வெள்ளி டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
தெரு முழுக்க விசிறியும் வசவும்.
ததேயுவின் இன்வெர்ட்டர் மட்டும்
ஒரு மணி பத்துவரை சிணுங்கிச்
செத்தது.

அப்புறம் ஒரு அமைதி.
சுத்தமானது இல்லை. அடியில் எங்கோ இடி,
அதற்கும் அடியில்
யாரோ பேச வாயெடுப்பது போல.

முதலில் நீண்ட அலைக்குப் போனேன்.
பாட்டில்லை, பேச்சில்லை அங்கே.
ஏதோ விமானதளத்தின் வழிகாட்டி
தன் இரண்டெழுத்துப் பெயரைத் தானே சொல்லி
ஓய்ந்து
மறுபடி சொன்னது,
முட்டம் விளக்கு சுற்றி வரும் தாளத்துக்குக்
கொஞ்சம் பிந்தி.

பிறகு மத்திய அலை, தெற்குப் பக்கம்.
தெற்கே நமக்குக் கடலைத் தவிர யாருமில்லை என்பார்கள்.
ஒரு பெண் பேசினாள்.
மீன் விலையா, செபமா, வானிலையா,
மொழி பிடிபடவில்லை. சிரித்தது தெரிந்தது.
மங்கினாள்.
கம்பைப் பிடித்தபடி மூச்சை அடக்கினேன்.
வந்தாள்.

இரண்டு இருபத்தொன்பது.
நம் அரை மணி அவர்களுக்கு முழு மணி.
மணி அடித்ததும் நிலையத்தின் பெயரைச் சொல்வாள்,
எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம்.
பென்சில் தயார்.
பிப்.
பிப்.
பிப்.

"வந்தாச்சு!"
தெருவே கைதட்டியது.
பல்பு, ஃபேன், ததேயு வீட்டு மோட்டார்.
பொரிந்தது அரிசி.

நோட்டில் எழுதினேன்:
2.30. தெற்கு. பெண் குரல், ஒரு சிரிப்பு.
அடையாளம் தெரியவில்லை.

கீழே இறங்கும்போது
எர்த் கம்பிக்கு
இன்னொரு குடம்.