ஏழாம் நம்பர் புட்டி

பதினேழு வருசமாக
உப்புகளுக்கு நம்பர் ஒட்டுகிறேன்.
பன்னிரண்டைத் திறந்தாலே மூக்கைக் கிள்ளும், அம்மோனியம் கார்பனேட்.
ஏழு என்றால் பேரியம் குளோரைடு.
பிராக்டிகலுக்கு முந்தின நாள்
கதவோரம் ஒரு தலை நீளும்:
“அண்ணே, ஏழு மாறலையே?”
மாறவில்லை.
சீனியர் ரெக்கார்டில் எரிந்த பச்சைச் சுடரை
ஜூனியர் பார்த்து எழுதுவான்.
விளக்கே பற்றவைக்காத மேசையிலும்
பச்சையாய் எரியும் அது.

இந்த ஜூலையில் கிளாடிஸ் மேடம்
அலமாரியைப் பூட்டிச் சாவியை என்னிடமே தந்தார்.
இரண்டாம் வருசத்தைப் பஸ் ஏற்றினார்.
பெட்டி தூக்க நானும்.

புதுமடம்.
அலைக்கு நாற்பது எட்டில், மணலில் ஊற்று.
பெண்கள் சிரட்டையால் கோதிக் குடம் நிறைத்து
தள்ளுவண்டியில் ஏற்றுகிறார்கள்.
தித்திப்பு.
அரை மைல் உள்ளே, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
எழுபதடி போர்.
வாயில் வைத்தால் துப்பணும்.
ஏன்?
அவ்வளவுதான் அந்தப் பருவத்துக்குப் பாடம்.

“நீங்களே சொல்லிருங்க மேடம்” என்றான் நம்புராஜன்.
“எனக்குத் தெரியலை.”
பின்வரிசை சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை என்று கண்டு
நின்றது.

அதோடு போச்சு என் லேபின் ஒழுங்கு.
தண்ணீர் பாட்டில், ஊறுகாய்ப் புட்டி,
யாரோ ஒருத்தியின் மாவுச் சம்படம்.
எதற்கும் நம்பர் இல்லை.
‘ஊற்று மூணு, அமாவாசை, காலை ஆறு பத்து, வத்தம்’
என்று கோணல் கையெழுத்து.
சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாய் விழுகிறது
(விலையை நினைத்து எனக்குத்தான் நெஞ்சு அடிக்கும்).
மஞ்சள் கலங்கிச் செங்கல் நிறம் ஆகும் வரை
யாரும் மூச்சு விடுவதில்லை.
ரிபாயாவின் பெருநாள் மருதாணி மேல்
கறுப்புக் கறை.

லிட்டருக்கு நூற்று நாற்பது மில்லிகிராம்.
நூற்று அறுபது. நூற்று முப்பது.
போர்த் தண்ணீர் இரண்டாயிரத்து நூறு.
ரிபாயாவின் ஊற்று மட்டும் நானூற்று எண்பது.
“வாளியைக் கழுவியிருக்க மாட்டே.”
“பியூரெட்டை மேலேருந்து பார்த்திருப்பே.”
“அடிச்சிரு, சராசரி கெடுது.”

அவள் அடிக்கவில்லை.
ஞாயிறன்று வாப்பாவின் டிவிஎஸ்ஸில் போய்
அதே குழியில் அள்ளி வந்தாள்.
நானூற்று எழுபது.

திங்கள்கிழமை எல்லோரும் போனார்கள்,
முடிச்சுப் போட்ட கயிறோடு.
அவளுடைய குழி
மற்றவற்றைவிட ஒரு முழம் ஆழம்.
நிறைய ஊறட்டும் என்று
யாரோ ஆசைப்பட்டுத் தோண்டியது.

நம்புராஜன் குந்தியவன் எழுந்திருக்கவில்லை.
அலை வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனது.
“அடியில இருந்து வரலை இது.
பெய்ஞ்ச மழை, மேல மிதக்குது.
பால் மேல ஆடை மாதிரி.
ஆழமாப் போனா கடலு.”
“எத்தனை விரக்கடை ஆடை?” என்றார் மேடம்.
விழித்தான்.
மோட்டார் ஓடுகிற நாளில் மெலியுமா?
சித்திரையில்? கார்த்திகை மழைக்கு அப்புறம்?
“இனி தோண்டாதீங்கன்னு ஊர்ல சொல்லிரணும்” என்றது ஒரு குரல்.
“நாம சொல்றது சரியான்னு
முதல்ல பார்ப்போம்” என்றாள் ரிபாயா.
நனைந்த நோட்டில் கோடு போட்டுக்கொண்டே.

உச்சிப்புளியில் என் வீட்டுப் போர்த் தண்ணீரில்
பருப்பு வேகாது.
மண்ணு அப்படி என்றான் போர் போட்டவன்.
கேட்டவர்களிடமெல்லாம்
மண்ணு அப்படி என்றேன் நானும்.

நேற்று சாப்பாட்டுப் பையில்
ஒரு பாட்டில் கொண்டுவந்தேன்.
கைப்பழக்கத்தில் நம்பர் எழுதப் போய்
பேனா நின்றது.
ரிபாயா எட்டிப் பார்த்தாள்:
“எத்தனை அடியில எடுத்தது அண்ணே?”

“தெரியலை” என்றேன்.

இந்தக் கயிறு பத்தாது.
சாயங்காலம் பஜாரில்
நீளமாக ஒன்று வாங்கணும்.