தவணை

மூன்றாம் தவணையில்தான் அவன் பெயரைக் கேட்டேன்.
விமலதுங்க.
குருநாகல் பக்கம், அரிசி ஆலை,
ஏணியிலிருந்து விழுந்தவன்.
இடுப்புவார் கட்டியிருக்கவில்லையாம்.
பாதிப் பிழை அவனுடையதென்று
கொழும்பில் எழுதிவிட்டார்கள், போன மாசியில்.

எனக்குப் போனது மூன்று விரல்.
சீனன்குடா இறங்குதுறை, வலதுகை,
கம்பிவடம் இழுத்த வேகம்.
கையுறை போடவில்லைத்தான்.
தந்த இரண்டும் இடதுகைக்கானவை
என்பதை எந்தக் கடதாசியில் காட்ட?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி
அவன் விழுந்ததை எடுத்து
என் கையின்மேல் வைக்கிறார், மெதுவாக,
பக்க எண்ணோடு.
நீதிபதி குறித்துக்கொள்கிறார்.

மதியம், வாசலில்
புள்ளிமானொன்று
சோற்றுப்பார்சல் தாளை மெல்லுகிறது.
"மூன்றரை இலட்சம் தருவார்களாம்.
கையெழுத்து வைத்தால் இன்றைக்கே முடியும்"
என்கிறார் பத்மசொரூபி மிஸ்.
"இல்லையென்றால் மேன்முறையீடு வரை போகவேண்டும்.
ஆறு வருடம் எடுக்கும்.
வென்றால் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கலாம்.
தோற்றால்..."
மான் தாளை விழுங்கிவிட்டது.

தோற்றால் நானும் ஒரு பெயர்.
மன்னாரிலோ மாத்தறையிலோ
இன்னும் விழாத ஒருவனின் கோப்புக்குள்
என் கை போய்க் கிடக்கும்.

விமலதுங்க,
உனக்கு எவ்வளவு தந்தார்கள்?
மிச்சப் பாதி இடுப்போடு
எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய்?

வெள்ளைமணலுக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு.
இடதுகையால் பேனை பிடிக்கப் பழகிவிட்டேன்,
எழுத்துத்தான் இன்னும்
வேறு யாருடையதோ போல.
பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
தை பதினொன்று, காலை ஒன்பது மணி.