கதிரைக்கு ஒரு மருந்துச்சீட்டு

முழங்காலுக்குப் பின்னால் ஊதாக் கீறல்.
முதலில் கண்டவன் மகன், நீச்சல் தடாகத்தில்.
"அம்மா, பேனை கீறிப்போட்டுது."
சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை.

ஸ்காபரோவில், மோர்னிங்சைட் கடையில்
ஆறாம் இலக்கக் கல்லா என்னுடையது.
பதினொரு வருடம்.
பால், பாண், பூனைச் சாப்பாடு,
ஒவ்வொன்றுக்கும் கீச்சென்று ஒரு சத்தம்.
தரையோட்டில் மினுக்கம் போன இரண்டு இடங்கள்:
ஒன்று வலது, ஒன்று இடது.

டொக்டர் ஹலீனா தரையில் முழங்காலூன்றிப் பார்த்தா.
என் காலுக்கு முன்னால் மண்டியிட்ட முதல் ஆள்.
ரத்தம் இறங்குவது லேசு, சொன்னா,
ஏறுவதுதான் பாடு.
வழியில் சின்னச் சின்னக் கதவுகள்,
ஏறியதைத் திரும்ப விடாமல் மூடிக்கொள்ளும்.
நடந்தால் கெண்டைச்சதை பிழிந்து ஏற்றிவிடும்.
நின்றால்,
நின்றுகொண்டே இருந்தால்,
கதவுகள் களைத்துப்போகும்.
தேங்கினது மெல்லிய நாளங்களை விரித்துக்கொண்டு
தோலுக்குக் கிட்ட வந்து எட்டிப்பார்க்கும்.

அம்மாவுக்கு இருந்ததா?
இருந்திருக்கும். சேலை காட்டவில்லை.
பிள்ளைகள்?
மூன்று தரம் சுமந்தேன். ஒன்று தங்கவில்லை.
அதையும் எழுதிக்கொண்டா.
கால் அதையும் கணக்கு வைத்திருக்கிறதாம்.

ஊசி இருக்கிறது.
குத்தினால் நாளம் ஒட்டிச் சுருங்கும்,
ரத்தம் வேறு பாதை பார்த்துக்கொள்ளும்.
நாங்கள் பார்த்துக்கொண்டதைப் போல என்று
வாயெடுத்தேன். சொல்லவில்லை.
அழகுக்கென்றால் காப்புறுதி காசு தராதாம்.
இரவில் கடுக்கிற அழகு.
இறுக்கமான நீளக் கால்மேசு தருவார்கள்.

பிறகு சீட்டின் அடியில்
இன்னொரு வரி எழுதினா:
ஒரு கதிரை. வேலை நேரம் முழுவதும்.

முகாமையாளர் கிரெக் இரண்டு தரம் வாசித்தான்.
கதிரையில் இருந்தால் பார்க்க வடிவில்லையே என்றான்.
நான் கால்மேசை இறக்கினேன்.
கோழிக்கால் பொதியோடு வரிசையில் நின்ற மனிதர்
ஏனோ தொப்பியைக் கழற்றினார்.

மார்ச்சில் வந்தது கதிரை.
அதற்கும் ஒரு கால் கட்டை.
மட்டையை மடித்து அடியில் வைத்தேன்.

ஊதாக் கோடுகள் அழியவில்லை.
புதிதாக வரவில்லை, அவ்வளவுதான்.
படுக்கும் முன் சுவரில் காலை உயர்த்திவைத்து
அரை மணித்தியாலம் கிடக்கிறேன்.
உள்ளே யாரோ படியிறங்கி
வீட்டுக்குப் போவது போல இருக்கும்.

நேற்று இடைவேளையில்
ஐந்தாம் கல்லா மேரிலூ
கதவைச் சாத்திவிட்டுக் காற்சட்டையை உருட்டினாள்.
சிவப்பு. என்னுடையதைவிடப் புதுசு.
"அந்த டொக்டரின்ர நம்பர் இருக்கா?"