மூன்று மணி முறை

விடியுமுன் மீட்டரைப் படிப்பது என் வேலை.
கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு
இரும்பு மூடியைத் தூக்கினால்
உள்ளே ஒரு குட்டிச் சக்கரம்
விருந்தினர் எல்லாரும் தூங்கும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.
நாளொன்றுக்கு நாற்பத்தோராயிரம் லிட்டர்.
நோட்டில் எழுதிக் கையொப்பமிடுவேன்.
அதைப்பற்றி யாரும் கேட்டதில்லை,
என் மகள் ஒருத்தியைத் தவிர:
"அப்பா, அது எத்தனை மழை?"
மழையை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

அட்டகாமாவில் எங்கள் ஊர் ஆறு
தாண்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான்.
மலைப்பனி உருகி வருவதை
வாய்க்காலில் விட்டு மணிக்கணக்கில் பங்கிடுவோம்.
நீர்நடுவர் தோன் ஹெனாரோ
கிழிந்த நோட்டும் பழைய கைக்கடிகாரமுமாய் வருவார்.
உன் முறை நள்ளிரவில் வந்தாலும்
எழுந்துபோய் மடை திறக்க வேண்டும்.
விட்டால் இருபத்தாறு நாள்.

விடுதிக்கு முறை கிடையாது.
விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு.

குளியலறைதோறும் ஒரு பச்சை அட்டை:
"பூமியைக் காப்போம். துண்டை மாட்டி வையுங்கள்."
வழவழப்பான தாள், சாந்தியாகோவில் அச்சாகி
பாலைவனம் முழுக்க லாரியில் வந்தது.
ஜன்னலுக்கு வெளியே நீச்சல்குளம்.
பகலில் வெயில் குடித்ததை
இரவில் நான் நிரப்புவேன்.

அந்த நவம்பரில்
நட்சத்திரம் பார்க்க ஒரு கூட்டம் வந்தது.
அறுபத்திரண்டு விரிப்புகள், எல்லாவற்றிலும் செம்மண்.
இன்றிரவே வேண்டும் என்றார்கள்.
சலவைக்கூடத்தில் எதுவிகெஸ் கோல்கே மட்டும்.
இயந்திரம் மூன்றாம் அலசலில் இருந்தபோது
மணி மூன்றாயிற்று.
அவளுடைய மக்காச்சோளத்தின் முறை அது.
வாய்க்கால் வந்தது. மடையில் ஆளில்லை.
அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

அவள் கத்தவில்லை.
மறுநாள் பச்சை அட்டைகளைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்,
இருபத்திரண்டு அறைக்கும், தன் கையால்:
"நேற்று உங்கள் விரிப்பைத் துவைத்தபோது
என் வயலின் முறை போயிற்று.
நன்றாகத் தூங்குங்கள்."

அந்தக் கடைசி வரி கிண்டலா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலாளியம்மா லார்ராயின் கூப்பிட்டனுப்பினார்.
கதவுக்கு வெளியே நான், கையில் ஸ்பேனர்,
பழுதே இல்லாத ஒரு குழாயைத் திருகிக்கொண்டு.
"இது முறையா?" என்றார் அவர்.
"அதைத்தானே நானும் எழுதினேன்" என்றாள் இவள்.

நாலு விருந்தினர் ரப்பர் பூட்ஸ் கேட்டு
வாய்க்காலைப் பார்க்கப் போனார்கள்.
ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்.
முதலாளியம்மா மூன்று வாரம்
என் நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்.
பிறகு ஊர்க்கூட்டத்தில் கடைசி வரிசையில்
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.
"எங்களையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள்."
தோன் ஹெனாரோ சிரித்தார்.
"உங்களுக்குத்தான் கிணறு இருக்கிறதே?"
"அதற்கும் ஒரு கடிகாரம் வையுங்கள்."
யாரும் கைதட்டவில்லை.
பின்னாலிருந்து ஒருவர்
"பத்து வருடம் லேட்" என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் என் கணக்கு
தோன் ஹெனாரோ வீட்டுக்குப் போகிறது.
அதிகமானால் சிவப்புப் பென்சில்.
வாய்க்கால் முறை உள்ளவருக்கு அன்று ராத்திரி வேலை இல்லை.
விரிப்பு நாலு நாளுக்கு ஒன்று.
சலவைத்தண்ணீர் சரளைக்கல்லில் இறங்கி
சஞார் மரங்களுக்குப் போகிறது.
இரண்டு சுற்றுலாக் கம்பெனிகள் எங்களை அடித்துவிட்டன.
வெற்றுக் குளத்தின் ஆழமான பக்கத்தில்,
நிழல் அங்கேதான் என்பதால்,
ஊர் நாய் ஒன்று படுத்திருக்கிறது.

இன்று காலை பதினேழாயிரம்.
அதுவும் கூடுதல் என்றுதான்
பென்சில் சொல்லப்போகிறது.
தோளில் சாய்ந்து எட்டிப்பார்த்த மகள் கேட்டாள்:
"மிச்சம் எங்கே போச்சு?"

போகவில்லை.
கீழேயே இருக்கிறது.